பைக்காரா: பாதை போட்டவர்களும் நடந்தவர்களும்

1

மலையில் நடப்பதற்கு இப்போது சீட்டு வாங்க வேண்டும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 14 மாவட்டங்களில் 40 மலைப்பாதைகளைத் தேர்ந்தெடுத்து, கட்டணமும் முன்பதிவும் வைத்து நடைப்பயணத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. நீலகிரியில் கெய்ர்ன் ஹில், லாங்வுட் சோலை, பார்சன்ஸ் வேலியிலிருந்து முக்குருத்தி ஹட் எனப் பல வழிகள் அதில் இருக்கின்றன. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் மாண்டுபோனதற்குப் பிறகு இப்படியொரு ஒழுங்கு தேவையாகவும் இருந்தது. காட்டோரத்துப் பழங்குடி இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக வைத்திருக்கிறார்கள். நாலு பேருக்குச் சோறு கிடைக்கிற காரியம். அதைக் குறைசொல்ல நான் இதை எழுதவில்லை.

என் கேள்வி வேறு. ‘இயற்கை நடை’ என்கிறார்கள். காட்டுல பாதை இயற்கையா முளைக்குமா? புல் முளைக்கும், காளான் முளைக்கும். பாதை முளைக்காது. யாராவது வெட்டியிருக்க வேண்டும், அல்லது பல தலைமுறைக் கால்கள் தேய்த்திருக்க வேண்டும். அந்தக் கைகளும் கால்களும் யாருடையவை என்ற கேள்வியை நீலகிரி வரலாறு எழுதியவர்கள் கேட்டதில்லை. எச்.பி.கிரிக் 1880இல் தொகுத்த மாவட்டக் கையேட்டையும் டபிள்யூ.பிரான்சிஸ் 1908இல் எழுதிய கெஜட்டையும் படித்துப் பாருங்கள். எந்த மலைச்சாலையை எந்தத் தொரை போட்டான் என்பது இருக்கும். ‘கூலி’ என்பது அங்கே செலவுக் கணக்கில் வரும் சொல். பெயரோ முகமோ அதற்குக் கிடையாது.

ஆகவே பைக்காராவை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த ஆற்றங்கரை மேடுகளிலும் சோலைகளிலும் புல்வெளிகளிலும் ஓடுகிற பாதைகளின் வரலாற்றைச் சொல்லிப் பார்க்கிறேன். நான் பிறந்து வளர்ந்த பக்கம் அது.

2

முதலில் நிலத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பைக்காரா ஆறு முக்குருத்திச் சிகரத்தின் பக்கம் பிறக்கிறது. 2554 மீட்டர் உயரம் அந்தச் சிகரம். அங்கிருந்து வடக்கே வந்து, ஊட்டி - கூடலூர் சாலையை ஊட்டியிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டரில் தொட்டு, அருவிகளாகக் குதித்து இறங்கி, கீழே மாயாறாகிறது. மாயாறு பவானியில் சேர்கிறது. மேட்டில் புல், மடிப்பில் சோலை. இதுதான் இந்த மலையின் அமைப்பு. டிசம்பர், சனவரி இரவுகளில் உறைபனி விழுந்து திறந்தவெளிக் கன்றுகளைக் கருக்கிவிடும். புல் தாக்குப்பிடிக்கும். சோலை மரங்கள் பள்ளத்தில் ஒன்றையொன்று அணைத்துக்கொண்டு நிற்கும். காட்டுப் பூவரசு மட்டும் புல்வெளியில் தனியே நின்று சிவப்பாகப் பூக்கும். மழைநீரைப் புல்லும் சோலையும் பஞ்சுபோல் பிடித்துவைத்து, கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றுக்கு விடும். கோயமுத்தூர்ச் சமவெளி குடிக்கிற தண்ணீரில் இந்தப் புல்லுக்கும் பங்கு உண்டு.

இந்த நிலத்தில் மூன்று வகைப் பாதைகள் உண்டு.

ஒன்று, தொதவர் பாதை. மந்துக்கும் மந்துக்கும் இடையில் எருமைகள் நடந்து உண்டான வழி. பைக்காரா அவர்களுக்குத் தெய்வ ஆறு. ஆற்றைக் கடக்கும்போது வலக்கையைப் போர்வைக்கு வெளியே எடுத்து மரியாதை செய்வார்கள் என்று 1906இல் வந்த தன் நூலில் டபிள்யூ.எச்.ஆர்.ரிவர்ஸ் எழுதியிருக்கிறார். இறந்தவர்கள் மேற்கே போகும் வழிகூட அவர்களுக்கு இந்த மலைமீதுதான் இருக்கிறது.

இரண்டு, தொரை பாதை. குதிரை போவதற்காக, சரிவு அளந்து, வளைத்து வளைத்துப் போட்டது. 1891 முதல் 1896 வரை சென்னை கவர்னராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயர் இங்குள்ள புல்வெளிக்கு வைக்கப்பட்டது. ஊட்டி வேட்டைக் கழகத்தார் நாய்க்கூட்டத்தை விட்டு நரி துரத்திய மேடு அது. 1879இலேயே நீலகிரிக்கு மட்டும் தனியாக ஒரு வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் போட்டுவிட்டார்கள். விலங்கைக் காப்பாற்ற என்று பெயர். எவன் சுடலாம், எவன் சுடக்கூடாது என்பதே அதன் உள்ளடக்கம். இன்று அதே புல்மேட்டில் ஒன்பதாவது மைலில் சினிமாக்காரர்கள் பாட்டு எடுக்கிறார்கள்.

மூன்றாவது, எங்க பாதை. குறுக்கு வழி, ஒத்தையடிப் பாதை. லைன் வீட்டிலிருந்து வேலைக்காட்டுக்கு, வேலைக்காட்டிலிருந்து ஆற்றுக்கு, அங்கிருந்து சந்தைக்கு, கடைசியாகச் சுடுகாட்டுக்கு. இது வளைந்து போகாது, நேராக ஏறும். தலையில் சும்மாடு கட்டி விறகோ சிப்பமோ வைத்திருப்பவளுக்கு வளைவு சுற்றிவர நேரமில்லை. எந்த வரைபடத்திலும் இது இல்லை. மேலே சொன்ன இரண்டாவது பாதையை வெட்டியதும் இந்த மூன்றாவது பாதையில் வந்தவர்கள்தான்.

3

1819இல் கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறினார் என்பதிலிருந்து நவீன நீலகிரியின் கதையைத் தொடங்குவது வழக்கம். சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கு முதல் பாதையை மெக்பர்சன் என்கிற லெப்டினன்ட் 1823இல் முடித்தார் என்பார்கள். 1830களின் தொடக்கத்தில் குன்னூர் மலைப்பாதையைப் ‘பயனீர்கள்’ போட்டார்கள் என்பார்கள். யார் இந்தப் பயனீர்கள்? சென்னை ராணுவத்தில் மண்வெட்டி, கடப்பாரையோடு முன்னால் போய்ப் பாதை போடுகிற படை. பிற்பாடு சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் படையோடு இணைக்கப்பட்டது. அதில் பறையர் சமூகத்தவர் கணிசமாக இருந்தார்கள் என்பது ராணுவ வரலாறு அறிந்த விஷயம். ‘போர்க்குடி’ என்ற தத்துவத்தைக் கண்டுபிடித்துப் பின்னாளில் நம்மை ராணுவத்திலிருந்து கழித்துக் கட்டிய அதே வெள்ளையன், மலையைக் குடைய வேண்டியிருந்தபோது சாதி பார்க்கவில்லை.

பாதை போட்டாயிற்று. அதில் தொரை எப்படி வந்தான்? 1834இல் மெக்காலே சென்னையில் இறங்கி, பெங்களூர், மைசூர் வழியாக ஊட்டிக்கு வந்தார். கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் அப்போது ஊட்டியில் தங்கியிருந்தார். வந்த 400 மைலும் மனிதத் தோள்களின்மீதே வந்ததாக மெக்காலே கடிதத்தில் எழுதினார். தூக்கியவர்கள் எல்லோரும் நம்மவர்கள் என்று நான் உரிமை கொண்டாடவில்லை. பல்லக்குத் தூக்குவது பல சாதியாரும் செய்த வேலை. நான் சொல்லவருவது வேறு. இந்தப் பயணம் செய்த மெக்காலேதான் பின்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் முன்வரைவை எழுதினார். 1860இல் சட்டமானபோது அதில் 490ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. பயணத்தின்போது ஆளையோ சாமானையோ சுமந்துசெல்ல ஒப்பந்தம் செய்தவன் பாதியில் விட்டுப்போனால் ஒரு மாதம் வரை சிறை. அதற்குச் சட்டமே கொடுத்த முதல் உதாரணம், நடுவழியில் ஓடிப்போன பல்லக்குத் தூக்கி!

சுமக்கப்பட்டவன் சட்டம் எழுதினான், சுமந்தவன் குற்றவாளியானான். இந்தப் பிரிவும், வேலையைவிட்டு ஓடுகிற கூலியைச் சிறையில் தள்ளுவதற்கான 1859ஆம் ஆண்டுச் சட்டமும் 1925 வரை ரத்தாகவில்லை. போதாதென்று தோட்ட முதலாளிகளுக்காகவே 1903இல் சென்னை மாகாணம் தனிச்சட்டம் ஒன்று போட்டது. மேஸ்திரி முன்பணம் கொடுப்பான். வாங்கியவன் மலையைவிட்டு இறங்கினால் குற்றம். நடப்பதே குற்றமாக்கப்பட்டது என்று இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். மலையிலிருந்து இறங்குகிற ஒத்தையடிப் பாதைகளில் சில, ஓடிப்போனவர்களின் பாதைகள். அவை ஏன் சாலையைத் தவிர்த்துச் சோலைக்குள் நுழைந்து போகின்றன என்று நடைப்பயணிகள் யோசிக்கலாம்.

4

பைக்காராவிலிருந்து கூடலூர்ச் சாலையில் மேற்கே போனால் நடுவட்டம். 1860இல் மார்க்கம் தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த சிங்கோனாவை, நாம் கொய்னா மரம் என்கிறோமே அதை, தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் மக்ஐவர் மேற்பார்வையில் வைத்தார்கள். மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்து. வெள்ளைச் சிப்பாய் சாகாமலிருக்கவும், உலகத்தில் மற்றவர்கள் பிழைக்கவும் உதவிய மருந்துதான், மறுக்கவில்லை. அந்தத் தோட்டத்தில் வேலை செய்தவர்களில் கைதிகளும் உண்டு. மலாயாப் பக்கத்து ஆங்கிலேயக் குடியேற்றங்களிலிருந்து சென்னைச் சிறைகளுக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகளை இங்கே கொண்டுவந்து அடைத்தார்கள். சிறைக் கட்டடம் இன்றும் நடுவட்டத்தில் நிற்கிறது.

விடுதலையானவர்களில் சிலர் ஊர் திரும்பவில்லை. நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையில் குடிசை போட்டு, காய்கறியும் கொஞ்சம் காப்பியும் பயிர்செய்து, மாடு வளர்த்து, பால் விற்றுப் பிழைத்தார்கள். அவர்களோடு குடும்பம் நடத்தியவர்கள் தமிழ்ப் பறையர் பெண்கள். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் இந்தக் குடும்பங்களைப் பார்த்து 1896இல் ஒரு குறிப்பு வெளியிட்டார். அந்தப் பிள்ளைகளின் மூக்கையும் தலையையும் அளந்தார். இரத்தக் கலப்பு என்ன நிறம் தருகிறது என்பது அவருடைய ஆராய்ச்சி.

எனக்கு அந்த அளவுகள் வேண்டாம். எனக்குத் தோன்றுவது இதுதான்: ஊரில் சேரி எல்லையைத் தாண்டினால் கட்டிவைத்து அடிவாங்க வேண்டிய காலத்தில், ஒரு பறைச்சி மலையேறி வந்து, கடல் தாண்டி வந்த அயல்மொழிக்காரன் ஒருவனோடு தன் விருப்பத்தின்படியோ நிர்ப்பந்தத்தின்படியோ ஒரு குடும்பத்தைக் கட்டியிருக்கிறாள். ஆற்றிலிருந்து தோட்டத்துக்கு ஒரு பாதை போட்டிருக்கிறாள். அதில் பால் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாள். தர்ஸ்டன் அளக்கத் தவறியது அந்தப் பாதையின் தூரத்தை.

5

‘நாம் மலைக்குக் கூலிகளாக மட்டுமே வந்தோம்’ என்ற வரியை நம் ஆட்களே திருப்பித் திருப்பி எழுதுவதுண்டு. அது முழு உண்மை அல்ல. 1845இல் பிறந்த அயோத்திதாசப் பண்டிதர் நீலகிரியில் வளர்ந்தவர். 1870களில் ஊட்டியில் அத்வைதானந்த சபை நடத்தியவர். இரட்டைமலை சீனிவாசன் இதே மலையில் ஐரோப்பிய வியாபார நிலையத்தில் கணக்கராகப் பணியாற்றிவிட்டு 1890இல் சென்னை போனவர். 1891 டிசம்பர் 1ஆம் தேதி, திராவிட மகாஜன சபையின் மாநாட்டை அயோத்திதாசர் கூட்டியது ஊட்டியில்தான். கல்வி, வேலை, பொதுக் கிணறு குளங்களில் நீரெடுக்கும் உரிமை, பறையன் என்ற சொல்லை இழிசொல்லாக ஏவுவதைத் தடுக்கும் சட்டம் என்று பத்துத் தீர்மானங்கள். சிறையில் நம்மவர்களுக்கு மட்டும் இழிவான வேலையைத் தருகிற விதியை நீக்க வேண்டும் என்பதும் அதில் ஒன்று. நடுவட்டத்துச் சிறையை அறிந்த மலையில் அந்தத் தீர்மானம் போட்டதைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

ஏன் ஊட்டி? தொரை நல்லவன் என்பதாலா? இல்லை. புதிதாக உருவான ஊர் என்பதால். அக்ரகாரமும் ஊர்த்தெருவும் கோயில் வீதியும் அமைந்து, அதற்கு வெளியே சேரி என்று வகுக்கப்பட்ட ஊர் அல்ல அது. சாலை முதலில் வந்தது, ஊர் பிறகு வந்தது. அந்தச் சாலையில் பட்லரும் ஆயாவும் கணக்கரும் கூலியும் நடந்தார்கள். மலையில் சாதி இல்லை என்று நான் சொல்லமாட்டேன். லைன் வீட்டைக்கூடச் சாதி பார்த்துப் பிரித்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் தெருவுக்குள் வராதே என்று சொல்வதற்குத் தெருவே இல்லாத இடத்தில், ஒரு தலைமுறை தலைநிமிர்ந்து நடந்து பார்த்தது. நடந்து பார்த்தவர்கள் மாநாடு கூட்டினார்கள்.

6

இனி 1930 டிசம்பருக்கு வருகிறேன். இந்தக் கட்டுரை எழுதக் காரணமே அந்த மாதம்தான்.

பைக்காரா நீர்மின் திட்ட வேலை 1929இல் தொடங்கி, 1932இல் மின்சாரம் கோயமுத்தூருக்குப் போனது. ஆற்று நீரைக் கிளன்மார்கன் மேட்டுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து சுமார் 3000 அடி கீழே சிங்காராவுக்குக் குழாயில் விழவைத்து மின்சாரம் எடுத்தார்கள். கோயமுத்தூரில் பஞ்சாலைகள் பெருகியது இந்தக் கரண்டால்தான். எங்க தாத்தா கொங்குச் சீமையின் வறண்ட ஊரொன்றிலிருந்து நடந்தே வந்து இந்தக் கரண்டு வேலையில் சேர்ந்தவர். கல் சுமந்தவர், குழாய்ப் பாதையில் மண் வெட்டியவர். அவர் சொல்வது: ‘ஊருக்குள்ள போறப்ப செருப்பைக் கையில புடிச்சுட்டுப் போவோம். மலைக்கு வந்தப்புறம் எவனும் கழட்டச் சொல்லலே. ஆனா செருப்பு வாங்கத்தான் காசில்லே.’

அந்த 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியார் தலித்துகளுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். நகை போடாதே, முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டாதே, சட்டை போடாதே... எட்டாவது தடை, வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்காதே, செருப்புப் போடாதே என்பது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. சென்சஸ் கமிஷனராக இருந்த ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

அதே டிசம்பரில் லண்டனில் முதல் வட்டமேசை மாநாடு நடந்துகொண்டிருந்தது. நீலகிரியில் கணக்கு எழுதிய இரட்டைமலை சீனிவாசன் அண்ணல் அம்பேத்கரோடு அங்கே உட்கார்ந்திருந்தார். இருவரும் சேர்ந்து கொடுத்த அரசியல் பாதுகாப்புத் திட்டத்தில், ஒருவனுக்குச் சாலை, பாதை, தெரு, குளம், கிணறு ஆகியவற்றைப் பயன்படுத்தும் உரிமையை மறுப்பது தண்டனைக்குரிய குற்றமாக வேண்டும் என்று கேட்டார்கள். சாலையோடு பாதையையும் தனியாக எழுதிக் கேட்டதைக் கவனியுங்கள். எழுபது ஆண்டுக்கு முன் சுமந்தவனைக் குற்றவாளியாக்கிய சட்டத்துக்கு எதிரே, வழிமறிப்பவனைக் குற்றவாளியாக்கு என்று நம் பக்கத்திலிருந்து ஒரு சட்டம் எழுதப்பட்டது.

மூன்றாவதாக ஒரு 1930 டிசம்பரும் இருக்கிறது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, பழங்குடி அல்லாத காடுவாழ் மக்கள் உரிமை கோர வேண்டுமானால், 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டில் குடியிருந்து காட்டைச் சார்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். கழித்துப் பாருங்கள். 1930 டிசம்பர் 13! பைக்காராவில் கல் சுமக்க 1929இல் வந்து அங்கேயே காட்டோரம் குடிசை போட்டுத் தங்கிவிட்டவன் வாரிசு உரிமை கேட்கலாம். 1931இல் வந்து பக்கத்துக் குடிசையில் இருந்தவன் வாரிசு ‘ஆக்கிரமிப்பாளன்’. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து பிடுங்கிக் கொண்டுவந்து நட்டவர்களின் வாரிசுகளுக்கோ அந்தக் கதவே கிடையாது. அவர்களுக்காகவே 1968இல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கியது. 2022இல் அதன் நிலத்தில் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்கே திருப்பித் தருவது என்று முடிவானபோது, ஓய்வுபெற்ற தொழிலாளிக்கு லைன் வீடாவது மிஞ்சுமா என்பது கேள்வியானது.

7

இதில் நாம் நேர்மையாகப் பேசவேண்டிய இன்னொரு பக்கமும் உண்டு. புல்வெளியைத் ‘தரிசு’ என்று எழுதியவன் வெள்ளையன். அதில் சீகை மரமும் கற்பூர மரமும் நடும்படி சொன்னவனும் அவனே. சுதந்திரத்துக்குப் பிறகு ரேயான் ஆலைக்கும் தோல் பதனிடும் தொழிலுக்கும் என்று அதைப் பல மடங்கு பெருக்கியது நம் அரசு. ஆனால் குழி தோண்டி நட்ட கை எங்கள் கை. அந்தக் கன்றுகள் விழுங்கியது தொதவர்களின் மேய்ச்சல் நிலத்தை. கோயில் கூரை வேயவே ஏற்ற புல்லைத் தேடி அவர்கள் அலையவேண்டி வந்தது. இன்று அதே சீகையைப் பிடுங்கிப் புல்லை மீட்க வேண்டும் என்கிறார்கள். சரிதான். பிடுங்குகிற வேலைக்கும் தினக்கூலிக்கு யார் வருவார்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

தொதவர்க்கும் நமக்கும் பகையில்லை. நிலத்தை இழந்தவனும், நிலமே இல்லாமல் வந்தவனும் ஒரே ஆட்சியின் இரண்டு கணக்கேடுகளில் எழுதப்பட்டவர்கள். காடு மீட்பு என்ற பெயரில் ஒருவனைக் காட்டி மற்றவனை விரட்டுகிற வேலை நடந்தால் இருவருமே எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தொதவர் புல்லைக் கேட்கட்டும், அது அவர்கள் உரிமை. நாம் வீட்டையும் வழியையும் கேட்போம். இரண்டும் மோதாமல் இருக்க இந்த மலை போதுமான அளவு பெரியது.

8

மாணவர்களுக்கும் தோழர்களுக்கும் ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். வன உரிமை விதிகளில் சாட்சியமாக ஏற்கப்படுபவை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அரசுக் காகிதம் மட்டும் அல்ல, கிணறு, இடுகாடு, வழிபாட்டு இடம் முதலான பழைய அடையாளங்களும் சாட்சியமே. உரிமை கோருபவர் அல்லாத பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுத்தில் எடுத்துக் கொடுத்தால் அதுவும் சாட்சியமே. எழுதப்படாத மக்களுக்குச் சட்டம் திறந்து வைத்திருக்கும் சின்ன சன்னல் இது.

ஆகவே நடைக்கு வாருங்கள். சீட்டு வாங்கியும் வாருங்கள், உரிமையோடும் வாருங்கள். வரும்போது ஒரு நோட்டும் கொண்டுவாருங்கள். வரையாட்டையும் குறிஞ்சியையும் பாருங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? அதோடு, லைன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற கிழவியிடம் கேளுங்கள்: ‘ஆத்தா, இந்தப் பாதை எங்கே போகுது? இதுல மொதல்ல யார் நடந்தது? வழியில யாரைப் பொதைச்சிருக்கு?’ அவள் சொல்வதை அவள் பேச்சிலேயே எழுதுங்கள். தேதி போடுங்கள். கைநாட்டு வாங்குங்கள். 1930க்கு முன் பிறந்தவர்கள் இன்று விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள். அவர்கள் போய்விட்டால் அந்த ஒத்தையடிப் பாதைகள் மீது ஒரு மழைக்காலத்தில் புல் மூடிவிடும். பிறகு வருகிறவன் அதைப் பார்த்து, இங்கே யாரும் நடந்ததில்லை என்று எழுதுவான்.